முகத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணுமா? தாடைக் கோணலை அளக்கும் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு முகத்தைப் பத்திப் பேசப்போறோம். அழகுக் குறிப்பு கிடையாது, அளவைப் பத்தி.

செல்ஃபி எடுத்துட்டு, "என்னடா இது, தாடை ஒரு பக்கமாப் போயிருக்கே"ன்னு ஒரு தடவையாவது நினைக்காதவங்க நம்மள்ல ரொம்பக் கம்மி. அதுவும் படத்தை இடவலமா மாத்திக் காட்டுற ஃபில்டர் போட்டுப் பார்த்தா அவ்வளவுதான், அன்னிக்குத் தூக்கம் போச்சு. அடுத்த நாள் ஃபோனைத் திறந்தா பல் கிளிப் விளம்பரம் வரிசையா வந்து நிக்கும்.

இந்த எபிசோடுல ரெண்டு பேரை மனசுல வெச்சுக்கலாம். ஒருத்தர் நீங்க. வேளச்சேரியிலயோ அண்ணா நகர்லயோ ஃபோனைப் பார்த்துக் கவலைப்படுறவர். இன்னொருத்தர், பழவேற்காடு ஏரிக்கரையில நடுக்குப்பம் மாதிரி ஒரு மீனவக் குப்பத்துல இருக்குற எட்டு வயசுக் குழந்தை. இது நாம கற்பனை பண்ணிக்கிற குழந்தைதான். ரெண்டு பேர் முகத்துலயும் தாடை நாலு மில்லிமீட்டர் இடதுபக்கம் தள்ளியிருக்குன்னு வெச்சுக்கங்க. எண் ஒண்ணுதான். ஆனா உங்களுக்கு அது ஒண்ணுமே இல்லாம இருக்கலாம், அந்தக் குழந்தைக்கு அவசரமா இருக்கலாம். ஏன்? அதைத்தான் பார்க்கப்போறோம்.

சமமான முகம்னு ஒண்ணு இருக்கா?

இல்லை. யாருக்குமே இல்லை. உங்க ஃபோட்டோவை நடுவுல வெட்டி, வலது பாதியை அப்படியே திருப்பி இன்னொரு பாதியா ஒட்டிப் பாருங்க. அப்புறம் இடது பாதியையும் அதே மாதிரி பண்ணுங்க. ரெண்டு வேற வேற ஆளுங்க வருவாங்க. உங்க சித்தப்பா பையங்க மாதிரி இருப்பாங்க, நீங்களா இருக்க மாட்டாங்க.

அப்புறம் ஏன் கண்ணாடியில சரியா இருக்குற முகம் ஃபோட்டோவுல கோணலாத் தெரியுது? கண்ணாடியில நாம தினமும் பார்க்குறது இடவலம் மாறின முகம். அதுக்குத்தான் கண் பழகியிருக்கு. 1977-ல மீட்டா, டெர்மர், நைட்னு மூணு ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சாங்க. மாணவிகளோட ஃபோட்டோவை நேராவும், இடவலம் மாத்தியும் அச்சடிச்சுக் காட்டினாங்க. அந்த மாணவிகள் பெரும்பாலும் மாத்தின படத்தை விரும்பினாங்க. அவங்க தோழிகள் நேர்ப் படத்தை விரும்பினாங்க. ரெண்டு தரப்புக்கும் பிடிச்சது பழகின முகம்தான். ஃபில்டர்ல கோணல் பெருசாத் தெரியுறதுக்கும் இதுதான் காரணம்.

கேமராவும் தன் பங்குக்கு விளையாடும். செல்ஃபி தூரத்துல, அதாவது சுமார் 30 சென்டிமீட்டர்ல எடுத்தா, மூக்கு 30 சதவீதம் வரைக்கும் அகலமாத் தெரியும்னு 2018-ல அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினாங்க. அஞ்சு அடி தள்ளி நின்னு எடுத்தா அந்தச் சிதைவு ஏறக்குறைய காணாமப் போயிடும். இதுல தலையைக் கொஞ்சம் திருப்பிட்டா, ஒரு பக்கத் தாடை பெருசாவும் மறுபக்கம் சின்னதாவும் விழும். அதனால செல்ஃபியை அளவுகோலா எடுத்துக்க முடியாது.

யாரோட ஒப்பிட்டு அளக்குறது?

முகத்தை அளக்குறதுன்னு சொன்னா, நம்ம ஊர்ல அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. எழும்பூர் அருங்காட்சியகத்துல 1885-ல இருந்து இருபது வருஷத்துக்கு மேல கண்காணிப்பாளரா இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். காலிப்பரோட ஊர் ஊராப் போய்த் தலையோட நீளம், மூக்கோட அகலம்னு அளந்தார். மூக்கோட அகலத்தை உயரத்தால வகுத்து நூறால பெருக்கினா ஒரு எண் வரும். அந்த எண்ணை வெச்சு சாதிகளையும் இனங்களையும் வரிசைப்படுத்திடலாம்னு அந்தக் காலத்துல ஒரு நம்பிக்கை. தென்னிந்தியாவோட சாதிகள், பழங்குடிகள் பத்தி அவரும் கே. ரங்காச்சாரியும் சேர்ந்து தயாரிச்ச ஏழு தொகுதி நூல் 1909-ல வந்தது. கடற்கரை மீனவர்களான பட்டணவர் பத்தியும் அதுல ஒரு பதிவு உண்டு.

அந்த வகை அறிவியல் இன்னிக்குச் செல்லாது. ஆனா அதுல இருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கலாம்: அளக்கும்போது யாரோட ஒப்பிடுறோம்? தர்ஸ்டன் காலத்துல ஒருத்தர் மூக்கை இன்னொருத்தர் மூக்கோட ஒப்பிட்டாங்க. பல் சீரமைப்பு மருத்துவத்துல கோணலை அளக்கும்போது வெளியில இருந்து யாரையும் ஒப்பிட வேண்டியதில்லை. உங்க வலது பக்கத்துக்கு அளவுகோல் உங்க இடது பக்கம்தான். பழவேற்காட்டுக் குழந்தையோட முகத்தை எந்த அமெரிக்கச் சராசரியோடும், எந்த நடிகையோடும் ஒப்பிடத் தேவையில்லை.

நூல், குச்சி, ஸ்கேல்

சரி, எப்படி அளக்குறாங்க? கேட்டா ஆச்சரியப்படுவீங்க. முதல் கட்டத்துக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம்.

நிமிர்ந்து உக்காரச் சொல்வாங்க. தூரத்துல ஒரு புள்ளியைப் பார்க்கணும், உதட்டை இறுக்கக் கூடாது. பல் இடுக்குல விட்டுச் சுத்தம் பண்ற ஃப்ளாஸ் நூலை எடுத்து, புருவங்களுக்கு நடுவுல இருந்து, மேலுதட்டுக் குழியோட மையம் வழியா, கீழே தாடை வரைக்கும் நேராப் பிடிப்பாங்க. அதுதான் நடுக்கோடு. மூக்கு நுனியை நம்ப மாட்டாங்க, ஏன்னா நிறையப் பேருக்கு மூக்கே கொஞ்சம் சாய்ஞ்சுதான் இருக்கும்.

அந்த நூல்ல இருந்து மூணு விஷயம் எவ்வளவு தள்ளியிருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளப்பாங்க: மேல் முன்பற்களோட நடு, கீழ் முன்பற்களோட நடு, தாடையோட நடு. உதாரணமா, மேல் பல் 0, கீழ்ப் பல் இடது 2 மி.மீ., தாடை இடது 5 மி.மீ.னு வந்தா, மேல்தாடை ஒழுங்கா இருக்கு, சிக்கல் கீழ்தாடையிலதான்னு ஒரு குறிப்பு கிடைச்சிடும். தாடை நடுவுல இருந்து, பல் மட்டும் தள்ளியிருந்தா அது பல்லோட பிரச்சினை. அதைக் கிளிப் போட்டே சரிபண்ணிடலாம்.

அடுத்தது சாய்வு. தொண்டையைப் பார்க்க டாக்டர் நாக்கை அழுத்துவாரே, ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரப்பட்டை, அதைக் குறுக்கா வெச்சுக் கடிக்கச் சொல்வாங்க. குச்சி ரெண்டு கண்மணியையும் சேர்க்குற கோட்டுக்கு இணையா இருக்கான்னு பார்ப்பாங்க. ஒரு பக்கம் தாழ்ந்தா, பல் வரிசையே சாய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். இதை எண்ணா எழுதணும்னா, கண்ணோட உள் மூலையில இருந்து மேல் கோரைப்பல் நுனி வரைக்கும் ரெண்டு பக்கமும் காலிப்பர்ல அளந்து கழிச்சுப் பார்ப்பாங்க. கண்களே ஏத்த இறக்கமா இருக்குற ஆளுக்கு இந்தக் கணக்கு உதவாது. அளக்குறதுக்கு முன்னாடி, எதை நிலையான கோடா வெச்சிருக்கோமோ அது உண்மையிலேயே நேரா இருக்கான்னு பார்க்கணும்.

கடைசியா, டாக்டர் பின்னாடி போய் நின்னு, தலைக்கு மேல இருந்து கீழே பார்ப்பார். அப்புறம் உங்களை அண்ணாந்து பார்க்கச் சொல்லிக் கீழ இருந்து பார்ப்பார். நேரா நின்னா தெரியாத கன்ன எலும்பு வித்தியாசம், தாடை வளைவு எல்லாம் அப்போ தெரிஞ்சிடும்.

அசைய வெச்சுப் பாருங்க

இதுவரைக்கும் எடுத்தது எல்லாம் ஒரு ஃபோட்டோ மாதிரி, அசையாத முகத்தோட அளவு. நாம ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கான பதில் முகம் அசையும்போதுதான் கிடைக்கும்.

மெதுவா வாயைத் திறக்கச் சொல்வாங்க, அப்புறம் மெதுவா மூடச் சொல்வாங்க. தாடை தளர்வா இருக்கும்போது நடு எங்கே, பல் முதல்ல தொடும்போது எங்கே, முழுசாக் கடிச்சதும் எங்கேன்னு மூணு நிலையையும் குறிப்பாங்க.

சில குழந்தைகளுக்குத் தளர்வா இருக்கும்போது தாடை நேரா இருக்கும். கடிக்கும்போது மட்டும் ஒரு பக்கமா வழுக்கிட்டுப் போகும். காரணம், மேல்தாடை குறுகலா இருக்குறது. நேராக் கடிச்சா பல்லோட பல் முட்டும். முட்டாம வசதியாக் கடிக்க, குழந்தை தன்னையறியாம தாடையை ஒரு பக்கம் நகர்த்திக்கும். பார்க்குறதுக்கு ஒரு பக்கம் மட்டும் குறுக்குக் கடி இருக்குற மாதிரித் தெரியும். உண்மையில பெரும்பாலும் மேல்தாடை ரெண்டு பக்கமும்தான் குறுகியிருக்கும்.

இது எட்டு வயசுல தெரிஞ்சா வேலை சுலபம். மேல்தாடை நடுவுல இருக்குற பொருத்து அந்த வயசுல இன்னும் இறுகியிருக்காது. ஒரு விரிப்புக் கருவி வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா அகலப்படுத்தலாம். தாடை வழுக்குறது நின்னுடும். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் ஏழு வயசுக்குள்ள ஒரு முதல் பரிசோதனை வேணும்னு சொல்றதுக்கு இந்த மாதிரி விஷயங்களும் ஒரு காரணம். அப்படியே விட்டா, தாடை வருஷக்கணக்கா ஒரு பக்கம் நகர்ந்த நிலையிலேயே வளரும். வெறும் அசைவுக் கோணலா இருந்தது எலும்புக் கோணலா மாறலாம். இருபது வயசுல அதே வேலைக்கு அறுவை சிகிச்சை வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

நாலு மில்லிமீட்டர் ஏன் ரெண்டு பேருக்கும் ரெண்டு அர்த்தம்னு இப்போ புரியுதா? உங்க நாலு, சின்ன வயசுல இருந்து மாறாம இருக்குற நாலு. அந்தக் குழந்தையோட நாலு, இன்னும் வளர்ந்துட்டு இருக்குற நாலு.

தாடையில அடிபட்ட குழந்தை

இதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. ஓடி விளையாடுற குழந்தை தடுக்கி, படிக்கட்டுலயோ படகு விளிம்புலயோ மோவாய் இடிபட விழுதுன்னு வெச்சுக்குவோம். மோவாய் கிழியும், தையல் போடுவாங்க, ஆறிடும். எல்லாரும் மறந்துடுவாங்க.

ஆனா அந்த அடி அங்கேயே நிக்காது. தாடை எலும்பு வழியா மேல போய், காதுக்கு முன்னாடி இருக்குற மூட்டைத் தாக்கும். அங்கே இருக்குற எலும்புத் தலை உடையலாம். வெளியில ரத்தம் இருக்காது, அதனால கவனிக்காம விட வாய்ப்பு அதிகம். கீழ்தாடை வளர்ச்சியில அந்த இடத்துக்குப் பெரிய பங்கு இருக்கு. நிறையக் குழந்தைகளுக்கு அது தானாவே நல்லாக் கூடிடும். சிலருக்கு அந்தப் பக்கம் வளர்ச்சி பின்தங்கிடும். இன்னும் சிலருக்கு மூட்டே எலும்போட எலும்பா ஒட்டிக்கும். வாய் திறக்காது. சாப்பாடு, பேச்சு, பல் விளக்குறது எல்லாமே சிரமம். மூச்சு விடுறதே கஷ்டமாகுறதும் உண்டு.

இதுல கண்ணை ஏமாத்துற விஷயம் ஒண்ணு. அடிபட்ட பக்கம் குட்டையா இருக்குறதால தாடை அந்தப் பக்கமாத் திரும்பும், கன்னமும் அந்தப் பக்கம் உப்பலாத் தெரியும். நல்லா இருக்குற பக்கம் தட்டையா, நீளமாத் தெரியும். அதனால வீட்டுல "இந்தப் பக்கம் வத்திப்போச்சே"ன்னு நல்ல பக்கத்தைக் காட்டுவாங்க. நேர்மாறாவும் ஒண்ணு உண்டு. பதின்வயசுலயோ இருபதுகள்லயோ ஒரு பக்க மூட்டு நிக்காம வளர ஆரம்பிச்சா, தாடை எதிர்ப்பக்கம் தள்ளிட்டுப் போகும். தாடை எந்தப் பக்கம் போயிருக்குங்கிறதை மட்டும் பார்த்தா குற்றவாளி யாருன்னு தெரியாது. திறக்கும்போது எந்தப் பக்கம் இழுக்குது, ஆறு மாசம் கழிச்சு அளந்தா கூடியிருக்கா, அதையும் சேர்த்துப் பார்க்கணும்.

எக்ஸ்ரே எங்கே உதவும், எங்கே ஏமாத்தும்?

நூலும் குச்சியும் சந்தேகத்தைக் கிளப்பினா, அடுத்து எக்ஸ்ரே. தலையை ஒரே நிலையில நிறுத்தி எடுக்குற முறையை 1931-ல அமெரிக்காவுல பிராட்பென்ட்டும் ஜெர்மனியில ஹோஃப்ராத்தும் தனித்தனியா வெளியிட்டாங்க. நேர்முகமா எடுத்த எக்ஸ்ரேயில ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட, 1987-ல வெளியான கிரம்மன்ஸ் முறை இன்னிக்கும் பாடத்துல இருக்கு. சிக்கல் என்னன்னா, தலையை நிறுத்த ரெண்டு காதுலயும் கம்பி வைப்பாங்க. காதுகளே ஒரே மட்டத்துல இல்லாத ஆளுக்குத் தலையே சாய்ஞ்சு நிக்கும், படமும் சாயும்.

முழு வாயையும் சுத்தி எடுக்குற ஓ.பி.ஜி. படத்துக்கு 1988-ல ஹாபெட்ஸ் குழு ஒரு எளிய கணக்கு கொடுத்தது. ரெண்டு பக்க உயரத்தோட வித்தியாசத்தை, ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்து நூறால பெருக்கணும். வலது 62 மி.மீ., இடது 58 மி.மீ.னா, வித்தியாசம் 4, கூட்டல் 120. விடை 3.3 சதவீதம். மூணு சதவீதத்தைத் தாண்டினாத்தான் கவனிக்கணும்னு அவங்க வெச்சாங்க. அதுக்குக் கீழே வந்தா, மெஷின்ல தலை கொஞ்சம் நகர்ந்ததாலயும் அந்த வித்தியாசம் வந்திருக்கலாம். நல்ல அளவுகோல்னா, தான் எவ்வளவு தப்புப் பண்ணும்னும் சேர்த்துச் சொல்லணும்.

முப்பரிமாண ஸ்கேன் இந்தத் தலைச்சாய்வுச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துடும். ஆனா கதிர்வீச்சு சாதாரண எக்ஸ்ரேயைவிட அதிகம். "சும்மா பார்த்துடலாமே"ன்னு எடுக்குற படம் இல்லை அது.

எத்தனை மில்லிமீட்டர் அதிகம்?

1999-ல கோகிச்சும் அவர் குழுவும் சிரிக்குற ஃபோட்டோக்கள்ல பற்களோட நடுவை வேணும்னே கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக் காட்டினாங்க. பொதுமக்களும் பொதுப் பல் மருத்துவர்களும் நாலு மில்லிமீட்டர் நகர்த்தினப்பகூடக் குறை சொல்லலை. அந்த நாலு மில்லிமீட்டர்ல குறை கண்டவங்க ஆர்த்தோடான்டிஸ்ட்கள் மட்டும்தான். உங்க சிரிப்புல ஒரு மில்லிமீட்டரை நீங்க தேடித் தேடிப் பார்க்குறீங்க, எதிர்ல நிக்குறவங்க கண்ணுல அது படுறதே இல்லை.

1997-ல செவர்ட்டும் பிராஃபிட்டும் அமெரிக்காவுல வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குத் தாடைப் பிரச்சினையோட வந்தவங்களோட பதிவுகளைப் பார்த்தாங்க. 34 சதவீதம் பேருக்குக் கண்ணுக்குத் தெரியுற கோணல் இருந்தது. அப்படி இருந்தவங்கள்ல மேல்முகம் கோணியிருந்தவங்க 5 சதவீதம்தான், தாடை கோணியிருந்தவங்க 74 சதவீதம். கீழ்தாடைதான் ரொம்ப நாள் வளரும், தனியா அசையும். அதனால முதல்ல பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

பெரியவங்களுக்கு நாக்கை மேலண்ணத்துல அழுத்தி வெச்சே தாடையை நேராக்கலாம்னு ரீல்ஸ்ல ஓடுற 'மியூயிங்' பத்திக் கேட்பீங்க. அதுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. அடுத்ததுக்குப் போவோம்.

குப்பத்துல இருந்து கோட்டை ஸ்டேஷன் வரைக்கும்

இப்போ பழவேற்காட்டுக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டம், சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்தபடியா நாட்டோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தூரம் கம்மி மாதிரித் தெரியும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. லைட்ஹவுஸ் குப்பத்துல இருந்து பழவேற்காடு பஜார், அங்கிருந்து பஸ்ல பொன்னேரி, பொன்னேரியில கும்மிடிப்பூண்டி லைன் ரயில் பிடிச்சு சென்ட்ரல், அங்கிருந்து கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்குற அரசு பல் மருத்துவக் கல்லூரி. போக வர ஒரு முழு நாள்.

கிளிப் சிகிச்சைன்னா நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வரணும். ஒன்றரை, ரெண்டு வருஷம் ஓடும். ஏறக்குறைய இருபது முழு நாள். ஏரியில இன்னிக்கு யாருக்கு எந்த இடம்னு முறை வெச்சு மீன் பிடிக்குற பாரம்பரியப் 'பாடு' முறை இங்கே உண்டு. தன் முறை வர்ற நாளும் ஆஸ்பத்திரி நாளும் ஒண்ணா விழுந்தா, அந்த வீடு எதை விடும்? மீன் விக்குறது, இறாலைத் தரம் பிரிக்குறதுன்னு அம்மாவுக்கும் அன்னிக்கு வேலை இருக்கும்.

அதனால யாரை அனுப்பணும், யாரை அனுப்ப வேண்டாம்னு ஊர்லயே சரியாச் சொல்றதுதான் பெரிய உதவி. அதுக்குத் தேவை நூல், குச்சி, ஸ்கேல், டார்ச். பள்ளிக்கூடத்துலயே ஒரு குழந்தைக்குச் சில நிமிஷத்துல முடிஞ்சிடும். பள்ளிகளுக்கு மருத்துவக் குழு போற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு. 2013-ல தொடங்கின தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்துல, அரசுப் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை நடமாடும் குழு போகணும். அந்தத் திட்டம் தொடங்கினப்போ போட்ட 30 நிலைகளோட பட்டியல்ல உதட்டுப் பிளவும் பல் சொத்தையும் உண்டு. தாடைக் கோணல்னு தனி வரி இல்லை. சொத்தை பார்க்க வாயைத் திறக்கச் சொல்ற அதே நேரத்துல, தாடை எந்தப் பக்கம் இழுக்குதுன்னும் பார்த்தாப் போதும். செலவு எதுவும் கூடாது, பார்க்குறவங்களுக்கு என்ன பார்க்கணும்னு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

வீட்டுல எதைக் கவனிக்கணும்?

சுருக்கமா நாலு விஷயம். உங்க அக்கா குழந்தைக்கோ பக்கத்து வீட்டுக் குழந்தைக்கோ பார்க்கலாம்.

ஒண்ணு, குழந்தை வாயைத் திறந்தா அதோட சொந்த மூணு விரலை ஒண்ணுக்கு மேல ஒண்ணா உள்ளே வைக்க முடியுதா? முடியலைன்னா டாக்டர்கிட்ட போங்க.

ரெண்டு, திறக்கும்போதோ மூடும்போதோ தாடை ஒரு பக்கம் இழுத்துட்டுப் போகுதா?

மூணு, மோவாய்ல தையல் தழும்பு இருக்கா? இருந்தா, மூட்டை யாராவது பார்த்தாங்களான்னு கேளுங்க.

நாலு, போன வருஷ ஃபோட்டோவோட ஒப்பிட்டா கோணல் கூடியிருக்கா? இதுக்கு செல்ஃபி வேண்டாம். அஞ்சு அடி தள்ளி நின்னு, நேராப் பார்க்கச் சொல்லி எடுத்த படம் வேணும். இந்த நாலாவது கேள்வி இருபது வயசுல இருக்குற உங்களுக்கும் பொருந்தும்.

எல்லாத்துக்கும் "பிரச்சினை இல்லை"ன்னு பதில் வந்தா, உங்க முகத்துல இருக்குற ரெண்டு மூணு மில்லிமீட்டர் உங்களோடது. அதை அப்படியே விட்டுடலாம். எதுக்காவது சந்தேகம் வந்தா, குழந்தை "பெருசானதும் பார்த்துக்கலாம்"னு மட்டும் தள்ளிப் போடாதீங்க. வளர்ற எலும்பு யாருக்காகவும் காத்திருக்காது.

இந்த எபிசோடு இவ்வளவுதான். கேள்வி இருந்தா எழுதுங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்.